வெங்காயப் பக்கத்தின் இருபத்து மூன்று பிரதிகள்

சொந்தக்காரர் என்று யாரும் இல்லாத கடைக்கு வழி சொல்லி ஆள் கூட்டி வருவதுதான் என் தொழில்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். நீங்கள் இணையத்தில் எதையாவது தேடினால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரிசையாக வரும். முதல் பத்தைத் தாண்டிப் பெரும்பாலும் யாரும் போவதில்லை. ஒரு பக்கத்தின் தலைப்பையும் எழுத்தையும் அமைப்பையும் செப்பனிட்டு அந்தப் பத்துக்குள் கொண்டுவரும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். எங்கள் ஆபீஸ் அதைப் பிளாக்செயின்காரர்களுக்கு மட்டும் செய்கிறது. அவர்களுடைய பக்கங்கள் ஒரே கணினியில் இருப்பதில்லை. உலகம் முழுக்கப் பல கணினிகளில் ஆளுக்கொரு பிரதியாக இருக்கும். அவற்றுக்கு முதலாளி கிடையாது. யாரும் இழுத்துப் பூட்ட முடியாது. ஏற்றியதை அழிக்கவும் முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

ஆபீஸ் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பைக் உதிரிபாகக் கடையின் மாடியில். முதலாளி இளங்கோ சார், எனக்கு மூத்தவர் ஷாகுல் அண்ணன், பிறகு கௌசல்யாவாகிய நான். மொத்தமே மூன்று பேர். எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தையாவது முதல் பத்துக்குள் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். வேலை போனால், படிக்க வைத்து என்ன ஆயிற்று என்று என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அப்பாவைத்தான் கேட்பார்கள். என்ன வேலை செய்கிறோம் என்று வீட்டில் சொல்லவும் தெரியாமல், அந்த வேலையை விடவும் முடியாமல் இருக்கும் அன்பர்களே, இது உங்களுக்கு.

வரிசை

வேலை கிடைத்த அன்று அப்பாவுக்கு விளக்க உட்கார்ந்தேன். அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்தில் கல்லை ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலை வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று இறக்கிவிட்டு வருவார். அதனால் வரிசையை வைத்தே ஆரம்பித்தேன். "உங்க லாரி வரிசை மாதிரிதாம்ப்பா. நெட்டுல தேடினா ஒவ்வொரு கம்பெனி பக்கமும் வரிசையா நிக்கும். நம்ம பக்கத்த முன்னாடி கொண்டு போறதுதான் வேல."

அப்பா கையில் பிசைந்த சோற்றோடு யோசித்தார். "அப்ப குறுக்கால பூந்து போறதா?"

"இல்லப்பா. முறையா. எந்தத் தில்லுமுல்லும் இல்லாம."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோரை ஊற்றிக்கொண்டு சொன்னார்: "முறையா நின்னா முன்னாடி போவ முடியாது பாப்பா. இருவது வருசமா நின்னு பாத்துட்டுதான் இருக்கேன்."

மரியாதை தெரிந்த போன்

எனக்குக் கொடுக்கப்பட்ட வாடிக்கையாளர் கலியபெருமாள் சார். அரியலூரில் உரக்கடை வைத்திருக்கிறார். செட்டிகுளம் பக்கத்து விவசாயிகளிடம் சின்ன வெங்காயம் வாங்கி வெளியூர்களுக்கு மொத்தமாக அனுப்புவது இன்னொரு தொழில். அவருடைய மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். மாப்பிள்ளையின் யோசனைப்படி ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் அட்டை கட்டப்பட்டிருக்கும். அதைப் போனில் காட்டினால் எந்தத் தோட்டம், எந்த நாள் பிடுங்கியது, எத்தனை நாள் பட்டறையில், அதாவது வயலோரம் காற்றாடக் குவித்து வைக்கும் இடத்தில், காய்ந்தது எல்லாம் தெரியும். பதிவு பிளாக்செயினில் இருப்பதால் நடுவில் யாரும் தேதியைத் திருத்த முடியாது. நல்ல யோசனைதான். ஆனால் இப்படி ஒன்று இருப்பது வெங்காயம் வாங்குகிறவர் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் வந்தவர் போனை மேசையில் வைத்தார். "நானே தேடிப் பாத்துட்டேன். நம்ம பக்கம்தான் மொத மொதல்ல வருது. நீங்க இதுக்கு மேல என்ன பண்ணப்போறீங்க?" ஷாகுல் அண்ணன் தன் போனில் அதே வார்த்தைகளைத் தட்டி அவர் கையில் கொடுத்தார். சார் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஆறாவது பக்கம் வரைக்கும் போய்விட்டு, இரண்டு போன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

தினமும் பத்து தடவை அவர் அந்தப் பக்கத்துக்குப் போவதால் அவருடைய போன் அதையே முதலில் எடுத்துக் காட்டுகிறது, மற்றவர்களுக்கு அப்படிக் காட்டாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தன் போனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "என் போனு எனக்கு மரியாத குடுக்குது. மத்தவங்க போனுக்கும் அத சொல்லிக் குடுங்க, அதுக்குத்தான வந்திருக்கேன்."

தாள் அறுக்கிற இடத்தில்

மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்கள் என்று கண்டுபிடிப்பது இந்த வேலையின் அடிப்படை. இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது சொற்களைப் பட்டியல் போட்டேன். முதல் வரியில் 'பரவலாக்கப்பட்ட வேளாண் தடமறிதல்' என்று இருந்தது. ஷாகுல் அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஒலகத்துல யாரு தங்கச்சி தேடுவா? நீயும் நானும் தேடினாத்தான் உண்டு. செட்டிகுளம் போய் நாலு பேரப் பாத்துட்டு வா."

போனேன். தார்ப்பாய் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா என்ற அக்கா எனக்கும் ஒரு சாக்கு போட்டு உட்கார வைத்தார். போனில் என்ன தேடுவீர்கள் என்று கேட்டேன். மழை வருமா என்று பார்ப்பாராம், விட்டுப்போன சீரியல் பார்ப்பாராம். மூட்டையில் கட்டும் அட்டையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். எந்த வயலில் விளைந்தது என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம், யாராலும் மாற்ற முடியாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இத நீங்க தேடணும்னா என்னன்னு அடிப்பீங்கக்கா?" என்றேன்.

அரிவாளை நிறுத்தாமல் அவர் சொன்னார்: "இது எங்க விளஞ்சதுன்னு எனக்குத் தெரியும், இப்ப ஒனக்கும் தெரியும். தெரியாதவன் எங்க இருக்கானோ அவன்கிட்டப் போய்க் கேளு சாமி."

திரும்பி வந்த பஸ்ஸிலேயே நாற்பது சொற்களையும் அடித்துவிட்டேன். 'பெரம்பலூர் சின்ன வெங்காயம் மொத்தமாக வாங்க' என்று ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஆந்தை சார்

எங்களுக்கு இன்னொரு வாடிக்கையாளர் உண்டு. பக்கங்களை எந்தக் காலத்திலும் அழியாமல் சேமித்து வைக்கும் வலையமைப்பு ஒன்றை நடத்துகிறார். கலியபெருமாள் சாரின் வெங்காயப் பக்கத்தையும் அதில்தான் வைப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பெயர் கிடையாது, முகமும் கிடையாது. வீடியோ அழைப்பில் ஓர் ஆந்தைப் படம் மட்டும் தெரியும். இந்தத் துறையில் பலர் அப்படித்தான். ஆங்கிலத்தில் மட்டும் பேசுவார். அவரோடு பேசுகிற நாளெல்லாம் நான் சொல்ல வேண்டியதை முதலிலேயே நோட்டில் எழுதி, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வருவேன்.

ஒரு நாள் அவரிடம், பக்கத்தை நடத்துவது யார் என்று ஒரு பெயர் போட்டால் படிப்பவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று என் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் என்பதே எங்கள் கொள்கைக்கு விரோதம் என்று அவர் ஆரம்பித்தார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "துறையூர் துறையூர் துறையூர்… வழியில நிக்காது, துறையூர் மட்டும் ஏறு." அதே குரல் என் ஜன்னல் வழியாகவும் வந்தது. எட்டிப் பார்த்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் மடியில் லேப்டாப்போடு, காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கை அசைத்தேன். ஆந்தைப் படம் அப்படியே அணைந்துபோனது.

ஐந்து நிமிடத்தில் மாடி ஏறி வந்தார். இரண்டு மாதமாக வெளிநாட்டுக்காரர் என்று நினைத்து நான் நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் கதவோரம் நின்று, குரலைத் தாழ்த்தி, நல்ல பெரம்பலூர்த் தமிழில் பேசினார். "வெளிய சொல்லிடாதீங்க மேடம். வூட்ல நான் குரூப் டூ கோச்சிங் போறதா நெனச்சிட்டிருக்காங்க."

இருபத்து மூன்று

நான் எதையும் பத்து முறை சரிபார்ப்பவள். பரீட்சை ஹாலில் பதிவு எண்ணை எழுதிவிட்டு ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் விரல் வைத்துப் படித்த பழக்கம் இன்னும் போகவில்லை. வெங்காயப் பக்கத்தை எழுதி ஆந்தை சாரின் சேமிப்பில் ஏற்றினேன். ஏற்றிய பிறகு ஒரு கால்புள்ளி உறுத்தியது. திருத்தி மறுபடி ஏற்றினேன். 'வெங்காயத்தை' என்பதற்குப் பக்கத்தில் 'ப்' விட்டுப்போயிருந்தது. மறுபடி. பட்டறை என்றால் வெளியூர்க்காரருக்குப் புரியுமா என்று சந்தேகம். மறுபடி. ஒரு வாரத்தில் இருபத்து மூன்று முறை.

சாதாரண இணையதளத்தில் புதிதை ஏற்றினால் பழையது போய்விடும். இங்கே ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பக்கம், அதற்கு வேறு முகவரி. பழையதும் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியும். பயிற்சியில் குறிப்பு எடுத்து அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பழையதை மாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் ஒழுங்கு, இருபத்து மூன்று வெங்காயப் பக்கங்களை உலகத்துக்குக் கொடுத்திருந்தது. எது அசல் என்று தெரியாத தேடுபொறி, தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டது.

ஆறாவது மாதம். ஒரு காலையில் ஷாகுல் அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி, மாஷா அல்லாஹ், ஏழாவது எடத்துல இருக்கு." நான் எழுந்து நின்றே விட்டேன். அவர் அதைத் திறந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். அது ஒன்பதாவது பிரதி. அதில் கொட்டை எழுத்தில் 'இந்தியாவிலேயே முதன்முறையாக வெங்காயத்தைப் பிளாக்செயினில் கொண்டுவந்தவர்கள் நாங்களே' என்று கலியபெருமாள் சார் தந்த வரி. அதற்கடியில் எனக்காக நானே எழுதிக்கொண்ட குறிப்பு: 'இது உண்மையா? யார் சொன்னது? தெரியாமல் போடக் கூடாது. சாரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. நாளைக்குக் கேட்க வேண்டும்.' நான்கு நிமிடத்தில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டுப் பத்தாவது பிரதியை ஏற்றியது நினைவிருந்தது. எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்ததும் நினைவிருந்தது.

தேடலிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு படிவம் இருக்கிறது. அதில் முதல் கேள்வியே இந்தத் தளத்தின் உரிமையாளர் நீங்களா என்பது. உரிமையாளரே கிடையாது என்பதுதானே எங்கள் விளம்பரம். கடைசி நம்பிக்கையாக ஆந்தை சாருக்குப் போன் செய்து, ஒரே ஒரு பிரதியை, ஒன்பதாவதை மட்டும், எப்படியாவது அழிக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அழியக் கூடாதுன்னுதான மேடம் ரெண்டு வருசமா உயிரக் குடுத்து உழைச்சோம்."

அரியலூர் உரக்கடை

இளங்கோ சார் அன்றைக்கு லீவு. அன்று திங்கள்கிழமை; திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் கோயிலில் குடும்பத்தோடு இருந்தார். போனில் சொன்னேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். "அவரு போன்ல நல்ல பிரதிதான வரும்? அப்ப அவருக்கு எப்படித் தெரியப்போவுது? விடு கௌசல்யா. இதுதான் அசல்னு அடையாளம் போட்டுப் புதுசா ஒண்ணு ஏத்து, கொஞ்ச நாள்ல அது மேல வந்துடும்."

அவர் சொன்னது தப்பில்லை. அந்த மரியாதை தெரிந்த போன் சாகும்வரை அவருக்கு நல்ல பக்கத்தைத்தான் காட்டும். ஏழாவது இடம் வந்தாயிற்று என்று சொன்னால் என் வேலையும் நிரந்தரம். அந்த 'முதன்முறை' வரியையும் எடுத்து, அடையாளம் போட்ட இருபத்து நான்காவது பிரதியை ஏற்றிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம், சொல்லாமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று யோசித்தேன். ஆனால் அந்தக் குறிப்பில் நாளைக்குக் கேட்க வேண்டும் என்று எழுதியவள் நான்தான். அந்த நாளை வந்து போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா, என்ன இவ்ளோ தூரம்?" என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"சாருன்னா நானா?"

"ஆமாங்க சார்."

"எம்மேல ஒனக்கு என்னம்மா பயம்?"

"நீங்க குடுத்த வரிய சந்தேகப்பட்டா கோவிச்சுக்குவீங்கன்னு. எங்கள விட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு வேலை இருக்காது சார். இப்பவும் பயமாதான் இருக்கு."

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அந்த வரி மாப்புள்ள சொன்னதும்மா. அவருக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்கணும்னு எனக்கும் ஆறு மாசமா இருக்கு. மாப்புள்ளகிட்ட எப்படிம்மா கேக்கறது?"

ஒரு மூட்டை

கோபித்துக்கொள்ளவில்லையே தவிர, எங்களோடு தொடர்வேன் என்றும் அவர் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நடந்ததை இளங்கோ சாரிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்தார். என் சோதனைக் காலம் முடியப் பத்து நாள் இருந்தது. நான் மேசை டிராயரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். ஷாகுல் அண்ணன் தினமும் ஒரு சமோசா வாங்கி வைத்தார்.

எட்டாம் நாள் கலியபெருமாள் சார் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மொத்த வியாபாரி போன் செய்தாராம். தேடலில் ஏழாவதாக வந்த பக்கத்தைப் படித்துவிட்டு, எடுத்த எடுப்பில், "அந்தப் பொண்ணு கடைசில உங்ககிட்டக் கேட்டுச்சா இல்லியா?" என்றாராம். கேட்டது என்று இவர் சொல்லியிருக்கிறார். என்ன பதில் சொன்னீர்கள் என்று அவர் விடவில்லை. நாங்கள்தான் முதலா என்று எங்களுக்கே தெரியாது, அந்த வரியை எடுத்துவிட்டோம், ஆனால் தோட்டமும் தேதியும் மூட்டைக்கு மூட்டை உண்மை என்று இவர் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு அவர், "சரி, ஒரு மூட்ட அனுப்புங்க, பாப்போம்" என்று வைத்துவிட்டாராம்.

ஒரே ஒரு மூட்டை. லோடு இல்லை, பாதி லோடுகூட இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்து கேட்ட முதல் மூட்டை அது. கலியபெருமாள் சார் இளங்கோ சாரைப் பார்த்து, என்னைக் கை காட்டினார். "இந்தப் பாப்பாவ அனுப்பிடாதீங்க. மாப்புள்ளகிட்டக் கேக்கறதுக்கு இனிமே எனக்கு ஒரு ஆளு வேணும்."

அன்று சாயங்காலம் வேலை நிரந்தரம் என்று கடிதம் கிடைத்தது. அதில் நான்கு வரி. நான்காவது, எந்தப் பக்கத்தையும் மூன்று பேரும் படித்துக் கையெழுத்திட்ட பிறகே ஏற்ற வேண்டும் என்பது. அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு அந்த நான்காவது வரிதான் பிடித்திருந்தது. ஏழாவது இடம் என்பதைப் பற்றிக் கேட்டார். முன்னால் ஆறு பேர் நிற்கிறார்கள் என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "ஆறு பேருதானா? அப்ப சாப்பாட்டுக்கு முன்னாடி எறக்கிடலாம்."

இருபத்து நான்காவது பிரதி இப்போது மேலே வந்துவிட்டது. ஆனால் ஒன்பதாவதும் போகவில்லை, சில நாள் எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும். ஆக அன்பர்களே, ஆறு மாதம் பாடுபட்டு நான் முன்னுக்குக் கொண்டுவந்தது வெங்காயத்தையா என் பயத்தையா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் இரண்டில் அழுகாமல் கடைசிவரை இருக்கப்போவது எது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.